எதைப் பார்த்துச் சிரிப்பது?

நம் மக்கள் ஒரு சினிமாவைப் பற்றி அபிப்பிராயம் சொல்லும்போது, "கதை சுமார்தான், ஆனால் நல்ல காமெடி இருக்கிறது, போய்ப் பார்க்கலாம்" என்று சொல்லுவதைக் கேட்டிருப்பீர்கள். கதை என்றால் நல்ல கதை, கெட்ட கதை என்று உண்டு. பாட்டு என்றால் நல்ல பாட்டு, மட்டமான பாட்டு என்று உண்டு. ஆனால் சிரிப்புக்கு மாத்திரம் அப்படி ஒரு தராதரமே கிடையாது. சிரித்தோமா, வீட்டுக்கு வந்தோமா என்பதோடு காரியம் முடிந்துவிட்டது என்பதுதான் பெரும்பாலோருடைய எண்ணம். இந்த எண்ணம் தப்பு என்பதும், மற்ற எதையும்விடச் சிரிப்பைத்தான் உற்றுப் பார்த்து விலை கொடுத்து வாங்க வேண்டும் என்பதும் நமது அபிப்பிராயம்.

ஏனென்றால், ஒருவன் நமக்கு உபதேசம் செய்ய வந்தால் நாம் கொஞ்சம் எச்சரிக்கையாக இருந்து கேட்கிறோம். "இவன் யார்? இதைச் சொல்ல இவனுக்கு என்ன யோக்கியதை?" என்றெல்லாம் யோசிக்கிறோம். ஆனால் சிரிக்கிறபோது மனிதன் வாயைத் திறக்கும்போதே மனக் கதவையும் திறந்து போட்டுவிடுகிறான். அந்தச் சமயத்தில் உள்ளே நுழைகிற சரக்கு ஒரு கேள்வி முறையும் இல்லாமல் போய் உட்கார்ந்துகொள்கிறது. "கறுப்பாய்ப் பிறந்தவள் மனிதப் பிறவியே அல்ல" என்று ஒருவன் மேடையேறிப் பேசினால் நாம் சும்மா இருப்போமா? அதையே ஒரு ஹாஸ்ய நடிகர் சொன்னால் கை தட்டுகிறோம். பெண்டு பிள்ளைகளையும் அழைத்துக்கொண்டு போய்க் காட்டுகிறோம். அவர்களும் சிரித்துவிட்டு வீட்டுக்கு வந்து கண்ணாடியில் தங்கள் முகத்தைப் பார்த்துக்கொள்ளுகிறார்கள். அந்த நேரத்தில் அந்தப் பெண் குழந்தையின் மனசு என்ன நினைக்கும் என்பதை யாராவது யோசிக்கிறோமா என்று கேட்கிறோம்.

சிரிப்பு யாருடைய ஆயுதம்?

சிரிப்பு ஒரு காலத்தில் இல்லாதவனுடைய ஆயுதமாகவே இருந்து வந்திருக்கிறது. தெருக்கூத்தில் வரும் கட்டியக்காரனை எடுத்துக்கொள்ளுங்கள். ராஜா வேஷம் போட்டவன் கிரீடமும் புஜகீர்த்தியுமாக வந்து நிற்பான். அவன் பக்கத்தில் நின்றுகொண்டு, அவன் பெருமையை எல்லாம் ஒரே வார்த்தையில் காற்றில் பறக்க விடுகிறவன் கட்டியக்காரன்தான். பகலெல்லாம் வயலில் குனிந்து வேலை செய்தவன், இரவில் ஒரு ராஜாவைப் பார்த்துப் பயமில்லாமல் சிரிக்கக்கூடிய ஒரே இடம் அதுதான்.

இப்பொழுது மேல்நாடுகளில் வெகுவாய் நடந்துவந்து, நம் பட்டணங்களிலும் பரவியிருக்கிற 'ஸ்டாண்ட்-அப் காமெடி' என்பதும் கிட்டத்தட்ட இந்த வகையைச் சேர்ந்ததே. ஜோடனை கிடையாது. வேஷம் கிடையாது. ஒரு ஆள், ஒரு மைக், ஒரு மணி நேரப் பேச்சு. அவ்வளவுதான். நமக்கு இது புதிதும் அல்ல. கலைவாணர் என்.எஸ்.கிருஷ்ணன் 1949-ல் வந்த 'நல்லதம்பி' என்னும் படத்தில் கிந்தனார் சரித்திரம் என்பதாக ஒரு காலட்சேபம் நடத்திக் காட்டினார். நந்தன் கதையில், தாழ்த்தப்பட்டவன் கோயிலுக்குள் போவதற்கு நெருப்பில் இறங்க வேண்டியிருந்தது. கிந்தன் கதையில் தாழ்த்தப்பட்ட பையன் ரயிலேறிப் பட்டணம் போய்ப் படித்துக் கல்வி அதிகாரியாகத் திரும்பி வருகிறான். பாகவதர்கள் நடத்துகிற அதே காலட்சேப முறையை எடுத்துக்கொண்டு, நெருப்பு இருந்த இடத்தில் பள்ளிக்கூடத்தை வைத்தார். பார்த்தவர்கள் வயிறு குலுங்கச் சிரித்தார்கள். சிரித்தபிறகு நந்தன் கதையைப் பழையபடி கண்ணீரோடு கேட்க அவர்களுக்கு மனம் வந்திருக்குமா? இதற்குப் பெயர்தான் ஹாஸ்யம்.

சாப்ளின் காட்டிய வழி

உலகத்திலேயே அதிகம் பேரைச் சிரிக்க வைத்தவர்களில் ஒருவர் சார்லி சாப்ளின் என்பதை நாம் சொல்ல வேண்டியதில்லை. லண்டனில் வறுமையிலே பிறந்து, சிறு பிள்ளையாக ஏழைகள் விடுதியிலே கிடந்தவர். அவருடைய படங்களில் அடி விழுவதும், உதை விழுவதும், குப்புற விழுவதும் ஏராளம். "அதுவும் அடிதடிச் சிரிப்புதானே? நீங்கள் அதை மாத்திரம் ஏன் கொண்டாடுகிறீர்கள்?" என்று ஒரு தோழர் கேட்கலாம். நியாயமான கேள்விதான்.

1936-ல் வந்த 'மாடர்ன் டைம்ஸ்' என்னும் படத்தைப் பாருங்கள். தொழிற்சாலையில் நாளெல்லாம் திருகாணி முடுக்குகிற தொழிலாளியாகச் சாப்ளின் வருகிறார். சாப்பாட்டு நேரத்தையும் மிச்சம் பிடிக்க வேண்டுமென்று முதலாளி, தொழிலாளிக்குச் சோறூட்டும் இயந்திரம் ஒன்றைப் பரீட்சை பார்க்கிறான். இயந்திரம் கெட்டுப்போய் அவர் முகத்தில் அறை அறையென்று அறைகிறது. நாம் சிரிக்கிறோம். ஆனால் யாரைப் பார்த்து? அறை வாங்குகிற தொழிலாளியைப் பார்த்தா? இல்லை. மனிதன் சாப்பிடுகிற நேரத்தைக்கூடத் திருடப் பார்த்த அந்தப் பேராசையைப் பார்த்து! வண்டியிலிருந்து விழுந்த ஒரு சிவப்புக் கொடியை எடுத்து, உடையவனிடம் கொடுக்கலாமென்று அவர் ஆட்டுகிறபோது, பின்னால் தொழிலாளர் ஊர்வலம் வந்து சேருகிறது. போலீஸ்காரர்கள் அவரைத் தலைவர் என்று பிடித்துக்கொண்டு போய்ச் சிறையில் தள்ளுகிறார்கள். அங்கேயும் நாம் சிரிப்பது போலீசின் புத்தியைப் பார்த்துத்தான். அடி அவர்மேல் விழுகிறது, சிரிப்போ அடிக்கிறவன்மேல் விழுகிறது. இந்த ஒரு வித்தியாசத்தைத்தான் நாம் திரும்பத் திரும்பக் கவனிக்க வேண்டுமென்கிறோம்.

1940-ல் அவர் எடுத்த 'தி கிரேட் டிக்டேட்டர்' இதற்கும் ஒரு படி மேலானது. சாப்ளின் பிறந்தது 1889 ஏப்ரல் 16-ந் தேதி. ஹிட்லர் பிறந்தது அதே ஏப்ரல் 20-ந் தேதி. அந்த மீசையும் இந்த மீசையும் ஒன்று போலவே இருந்ததை வைத்துக்கொண்டு, சர்வாதிகாரியாகவும், யூத வகுப்பைச் சேர்ந்த முடிதிருத்தும் தொழிலாளியாகவும் தாமே இரண்டு வேஷமும் போட்டார். சர்வாதிகாரி உலக உருண்டையைக் காற்றடைத்த பந்தாக வைத்து ஆசையோடு தட்டித் தட்டி ஆடுகிறான். கடைசியில் அது அவன் முகத்திலேயே வெடித்துவிடுகிறது. அமெரிக்கா அப்போது யுத்தத்தில் இறங்கவே இல்லை என்பதையும், பல தேசங்கள் ஹிட்லரைக் கண்டு நடுங்கிக்கொண்டிருந்தன என்பதையும் நினைத்துப் பாருங்கள். பிற்காலத்தில் சாப்ளின் தமது சுயசரிதையில், யூதர்களை அடைத்த முகாம்களின் கொடுமை முழுவதும் அப்போது தெரிந்திருந்தால் தம்மால் அந்தப் படத்தை எடுத்திருக்க முடியாது என்று எழுதினார். கொடுமைக்காரனைப் பார்த்துச் சிரிக்கலாம், கொடுமையைப் பார்த்துச் சிரிக்க முடியாது என்று அந்த மனிதருக்குத் தெரிந்திருந்தது.

வசவைக் கழித்துப் பாருங்கள்

இனி நம் நாட்டுச் சங்கதிக்கு வருவோம். தமிழ் சினிமாவில் ஹாஸ்யத்துக்குப் பஞ்சம் ஒன்றும் இல்லை. ஆனால் அதில் எவ்வளவு சிரிப்பு, எவ்வளவு வசவு என்று பிரித்துப் பார்க்க நம்மிடம் ஒரு தராசு வேண்டும். நாம் சொல்லும் தராசு மிகச் சுலபமானது. எந்த ஹாஸ்யக் காட்சியையும் எடுத்துக்கொண்டு அதிலுள்ள வசவைக் கழித்துவிடுங்கள். கறுப்பன், குட்டையன், மொட்டையன், திக்குவாயன், பெண்பிள்ளை மாதிரி நடப்பவன் என்பதாகப் பிறப்பையும் உடம்பையும் சொல்லித் திட்டுவதை எல்லாம் எடுத்துவிடுங்கள். மிச்சம் நிற்பதில் சிரிப்பு இருந்தால் அது ஹாஸ்யம். ஒன்றுமே மிஞ்சாவிட்டால் அது வெறும் வசவு.

உதாரணமாக, 1989-ல் வந்த 'கரகாட்டக்காரன்' படத்தின் வாழைப்பழக் காட்சி தமிழ் தெரிந்த யாருக்கும் தெரியும். அதில் கவுண்டமணி செந்திலை அடிப்பதையும் வைவதையும் நீக்கிவிட்டாலும் சிரிப்பு நிற்கும். காரணம், இரண்டு பழத்தில் ஒன்றைத் தின்றுவிட்டு, மிச்சமுள்ள ஒன்றைக் காட்டி, கேட்டதற்குப் பதில் சொல்லிவிட்டதாகச் சாதிக்கிற அந்த அசட்டுத் தர்க்கத்தில்தான் சிரிப்பு இருக்கிறது. புத்திசாலி என்று தன்னை நினைத்துக்கொண்டவன் முட்டாளிடம் வகையாய் மாட்டிக்கொண்டு திண்டாடுகிறான். அடி இல்லாமலே அந்தக் காட்சி நடக்கும். ஆனால் அதே ஜோடியின் எத்தனையோ காட்சிகளில், தலையையும் நிறத்தையும் சொல்லித் திட்டுவதை எடுத்துவிட்டால் வெறும் திரைதான் மிஞ்சும்.

2007-ல் வந்த 'சிவாஜி' என்னும் படத்தை எடுத்துக்கொள்ளுங்கள். கோடிக்கணக்கில் செலவழித்து எடுத்து, தமிழ்நாடு முழுவதும் கொண்டாடிப் பார்த்த படம். அதில் கதாநாயகனுக்குப் பெண் காட்டும் காட்சியில், இரண்டு பெண்களுக்கு முகத்தில் கறுப்புச் சாயம் பூசி நிறுத்தி, அவர்களைக் கண்டு எல்லோரும் மிரண்டு ஓடுவதாகக் காட்டி நம்மைச் சிரிக்கச் சொல்லுகிறார்கள். அந்தப் பெண்களுக்கு வைத்த பெயர் என்ன தெரியுமா? அங்கவை, சங்கவை! பாரி வள்ளலின் மகளிர் பெயர்! தமிழ் தமிழ் என்று மார் தட்டுகிற நாட்டில், சங்க காலத்துப் பெண்களின் பெயரைக் கறுப்புச் சாயத்தோடு சேர்த்துக் கேலிப் பொருளாக்க ஒரு கூட்டத்துக்குத் துணிவு வந்தது. அதைவிட ஆச்சரியம், கொட்டகையில் உட்கார்ந்து சிரித்தவர்களில் பெரும்பாலோர் அந்தப் பெண்களின் நிறமேதான். நிறத்தைக் கழித்துவிட்டால் அந்தக் காட்சியில் ஒரு பொட்டுச் சிரிப்பாவது மிஞ்சுமா என்று கேட்கிறோம்.

"ஆமாம், நாங்கள் கறுப்புத்தான். எங்களை நாங்களே கேலி செய்துகொள்ளுகிறோம். உங்களுக்கு என்ன?" என்று சிலர் சொல்லக்கூடும். இதற்குத்தான் அடுத்தபடியாக நாம் பதில் சொல்ல வேண்டும்.

தன்னைத்தானே தாழ்த்திக்கொள்ளுதல்

ஆஸ்திரேலியாவுக்குத் தெற்கே டாஸ்மேனியா என்று ஒரு தீவு இருக்கிறது. அங்கே ஆணும் ஆணும் கூடி வாழ்வதைக் குற்றமாக வைத்திருந்த சட்டம் 1997 வரையில் நடப்பில் இருந்தது. அந்தத் தீவிலே, ஆண் பெண் என்று ஊரார் போட்ட கோட்டுக்குள் அடங்காத ஒருவராக வளர்ந்தவர் ஹான்னா காட்ஸ்பி என்பவர். மேடையில் தனியாக நின்று ஹாஸ்யம் பேசுவதுதான் அவருடைய தொழில். தம்முடைய தோற்றத்தையும் நடத்தையையும் தாமே கேலி செய்து பேர் வாங்கியவர். 2018-ல் நெட்ஃபிளிக்ஸில் வெளிவந்த 'நானெட்' என்ற அவருடைய பேச்சைத் தோழர்கள் அவசியம் பார்க்க வேண்டும்.

அதில் முதலில் ஒரு சம்பவம் சொல்லுகிறார். ஒரு பஸ் நிறுத்தத்தில் ஒரு பெண்ணோடு அவர் பேசிக்கொண்டிருந்தபோது, அந்தப் பெண்ணுக்கு வேண்டிய ஒருவன், யாரோ ஆண்பிள்ளை தன் பெண்ணிடம் சரசமாடுகிறான் என்று நினைத்து அடிக்க வருகிறான். கிட்டத்தில் வந்து, ஆண்பிள்ளை அல்ல என்று தெரிந்ததும் அசடு வழிய விலகிப் போகிறான். கேட்பவர்கள் சிரிக்கிறார்கள். வெகு நேரத்துக்குப் பிறகு, அதே சம்பவத்தை மறுபடியும் எடுத்து, முன்னே சொல்லாமல் விட்ட பாதியைச் சொல்லுகிறார். போனவன் திரும்பி வந்தான், இன்னார் என்று தெரிந்துகொண்டு அடித்து நொறுக்கினான், பார்த்துக்கொண்டிருந்த ஒருவரும் தடுக்கவில்லை! சபையில் ஒரு சத்தமும் இல்லை. அந்தப் பாதியைச் சொன்னால் சிரிப்பு வராது என்பதற்காகவே இத்தனை காலமும் மறைத்து வந்ததாகவும், ஏற்கெனவே மிதிபட்டுக் கிடக்கிற ஒருவர் தம்மைத் தாமே கேலி செய்துகொள்ளுவது அடக்கம் அல்ல, அவமானத்தைத் தாமே தமக்குச் செய்துகொள்ளுவது என்றும், இனி அந்த வேலை செய்யப்போவதில்லை என்றும் சொல்லுகிறார்.

தோழர்களே! இதற்கு நம் பாஷையில் என்ன பெயர்? சுயமரியாதை என்றல்லவா பெயர்? உயர்ந்த இடத்தில் இருப்பவன் தன்னைத் தானே கேலி செய்துகொண்டால், "எவ்வளவு பெரிய மனசு!" என்று இன்னும் ஒரு படி உயர்கிறான். தாழ்ந்த இடத்தில் வைக்கப்பட்டவன் அதையே செய்தால், "அவனே ஒத்துக்கொண்டான் பார்" என்று இன்னும் ஒரு படி கீழே தள்ளப்படுகிறான். வார்த்தை ஒன்றுதான், அது விழுகிற இடம்தான் வேறு.

இதை நம் சினிமாவிலேயே கண்கூடாகப் பார்க்கலாம். யோகி பாபு என்னும் நடிகரை எத்தனை படங்களில் அவருடைய தலைமயிருக்காகவும் முகத்துக்காகவும் திட்டித் திட்டிச் சிரிப்பு மூட்டியிருக்கிறார்கள்! அதே யோகி பாபுவை 2021-ல் 'மண்டேலா' என்னும் படத்தில் மடோன் அஷ்வின் என்னும் டைரக்டர் நடுநாயகமாக வைத்தார். கிராமத்தில் முடிதிருத்தும் ஒரு தொழிலாளி. ஊரார் அவருக்குக் கூலி கொடுப்பதில்லை. முன்வாசல் வழியே உள்ளே விடுவதில்லை. கூப்பிடுவதற்குச் சொந்தப் பெயர்கூட இல்லை. தபாலாபீசில் கணக்கு ஆரம்பிக்கப் போன இடத்தில்தான் மண்டேலா என்ற பெயரே கிடைக்கிறது. பஞ்சாயத்துத் தேர்தலில் இரண்டு ஜாதிக்காரர்களும் சமமாக நிற்க, அவருடைய ஒரே ஓட்டுத்தான் முடிவு செய்யும் என்ற நிலை வந்ததும், நேற்று வரை அவரை வேலை ஏவியவர்கள் இன்று அவருக்கு வேலை செய்யப் பறக்கிறார்கள். எங்கே பார்த்தாலும் சிரிப்பை அடக்க முடியாது. ஆனால் அந்தச் சிரிப்பு முழுவதும் இரண்டு ஜாதிக்காரர்கள்மேலும் போய் விழுகிறது. நடிகர் அவரேதான், முகமும் அதேதான். அவரைப் பார்த்துச் சிரிப்பதை விட்டு, அவரோடு சேர்ந்து சிரிக்கிறோம்.

பாதி வழியில் நின்றுபோகிற சிரிப்பு

இன்னொரு வகைப் படங்கள் இருக்கின்றன. இவற்றைப் பகுத்தறிவுப் படங்கள் என்று நம்மவர்களே ஏமாந்து பாராட்டுகிறார்கள். 2012-ல் 'ஓ மை காட்' என்று ஒரு இந்திப் படம் வந்தது. பூகம்பத்தில் கடை இடிந்து போன ஒரு வியாபாரி இன்ஷூரன்ஸ் பணம் கேட்கப் போகிறான். "இது கடவுள் செயல், ஆகையால் பணம் கிடையாது" என்று கம்பெனிக்காரன் சொல்லுகிறான். "அப்படியானால் கடவுள்தான் நஷ்ட ஈடு தரவேண்டும்" என்று வியாபாரி கடவுள்மேல் வழக்குப் போட்டு, சாமியார்களையும் மடாதிபதிகளையும் கோர்ட்டுக்கு இழுக்கிறான். எவ்வளவு அருமையான யோசனை! ஆனால் படம் பாதி நடந்துகொண்டிருக்கும்போதே, கிருஷ்ணன் மோட்டார் சைக்கிளில் ஏறி நேரிலேயே வந்து வாதிக்கு உதவி செய்ய ஆரம்பித்துவிடுகிறார்! 2020-ல் தமிழில் வந்த 'மூக்குத்தி அம்மன்' படத்திலும் இதே கதைதான். போலிச் சாமியாரைச் சந்தி சிரிக்க வைக்கிறார்கள். வைக்கச் சொல்லுவது யார் என்றால் அம்மனே இறங்கி வந்து சொல்லுகிறாள். 2014-ல் வந்த 'பீகே' படம் கொஞ்சம் நாசூக்காக, நீங்கள் உண்டாக்கின கடவுள் வேறு, நம்மை உண்டாக்கின கடவுள் வேறு என்று சமாதானம் செய்துகொண்டு முடிகிறது.

கணக்குப்பிள்ளை திருடிவிட்டான் என்று அவனைப் பிடித்து உதைத்துவிட்டு, அந்தத் திருட்டுக் கடையை நடத்துகிற முதலாளிக்கு மாலை போட்டுவிட்டு வருவதுபோல இருக்கிறது இது. சாமியார் இல்லாவிட்டால் சாமி என்ன ஆகும் என்ற கேள்விக்கு வருகிற சமயத்தில் ஹாஸ்யக்காரர்களுக்குக் கால் நடுங்கிவிடுகிறது. ஆனாலும் இந்தப் படங்களைப் பார்க்க வேண்டாமென்று நாம் சொல்லவில்லை. பார்க்கலாம், பார்த்துவிட்டு எந்த இடத்தில் வண்டி நின்றுபோயிற்று என்று வீட்டிலே பேசுங்கள். பாதி வழி வந்தவனை மீதி வழிக்கும் கூப்பிடுவதில் தப்பில்லை.

முழு வழியும் போகிற சிரிப்பு எப்படி இருக்கும் என்பதற்கு, 1979-ல் மான்டி பைத்தான் என்னும் ஆங்கிலேய ஹாஸ்யக் கூட்டத்தார் எடுத்த 'லைஃப் ஆஃப் பிரையன்' என்ற படத்தைச் சொல்லுவோம். ஏசு பிறந்த அதே நாளில், பக்கத்துக் கொட்டிலில் பிறந்த பிரையன் என்பவனை ஜனங்கள் ரட்சகன் என்று பிடித்துக்கொள்ளுகிறார்கள். அவன் "நான் இல்லை, நான் இல்லை" என்று ஓடுகிறான். ஓடும்போது கழன்று விழுந்த செருப்பை எடுத்து வைத்துக்கொண்டு, அதற்கு என்ன அர்த்தம் என்று பக்தர்கள் இரண்டு கட்சியாகிச் சண்டை போடுகிறார்கள். ஒவ்வொருவரும் சொந்த புத்தியைக் கொண்டு யோசிக்க வேண்டும் என்று அவன் சொன்னால், அதையும் ஒரே குரலில் கூட்டமாகச் சேர்ந்து திருப்பிச் சொல்லுகிறார்கள்! மதம் எப்படி உண்டாகிறது என்று ஆயிரம் பக்கம் எழுதி விளக்க வேண்டியதை ஒரு செருப்பைக் கொண்டு காட்டிவிட்டார்கள். இந்தப் படத்தை நார்வே தேசத்தார் தடை செய்தார்கள். பக்கத்திலுள்ள சுவீடனில், நார்வேயில் தடை செய்யும் அளவுக்குச் சிரிப்பான படம் என்றே விளம்பரம் செய்து ஓட்டினார்கள்!

மனம் புண்படுகிறதாம்!

மேலே இருப்பவனைப் பார்த்துச் சிரித்தால் உடனே "மனம் புண்பட்டுவிட்டது" என்ற கூச்சல் கிளம்புகிறது. அமெரிக்காவில் லென்னி புரூஸ் என்னும் ஹாஸ்யப் பேச்சாளரை ஆபாசம் என்ற பெயரால் 1964-ல் குற்றவாளி என்று தீர்ப்புச் சொன்னார்கள். 1966-ல் அவர் இறந்தும் போனார். இறந்து 37 வருஷங்களுக்குப் பிறகு, 2003-ல் நியூயார்க் கவர்னர் அவருக்கு மன்னிப்புக் கொடுத்தார். செத்தவனுக்கு மன்னிப்பு! ஜார்ஜ் கார்லினை 1972-ல் மில்வாக்கி என்ற ஊரில் மேடைப் பேச்சுக்காகக் கைது செய்தார்கள். அந்த வழக்கு நிற்கவில்லை. பிற்காலத்தில் அவர், சர்வ சக்தி வாய்ந்த கடவுளுக்குப் பணத்துக்கு மாத்திரம் எப்போதும் ஏன் தட்டுப்பாடு என்ற விதமாகக் கேட்ட கேள்வி, 1999-ல் வந்த 'யூ ஆர் ஆல் டிசீஸ்டு' என்ற பேச்சில் இருக்கிறது. நம் ஊர் உண்டியலுக்கும் அது பொருந்தும்.

நம் நாட்டிலும் இது குறைவில்லை. எம்.ஆர்.ராதாவின் நாடகங்களை அடக்குவதற்காகவே சென்னை ராஜ்யத்தில் 1954-ல் நாடகச் சட்டம் கொண்டுவந்தார்கள். மத உணர்ச்சியைப் புண்படுத்துவதைக் குற்றமாக்கி வெள்ளைக்காரன் 1927-ல் செய்த 295-ஏ பிரிவு, 2024 ஜூலை முதல் புதிய சட்டத்தில் 299-வது பிரிவு என்ற பெயரோடு அப்படியே உட்கார்ந்திருக்கிறது. 2021 ஜனவரி முதல் தேதியன்று இந்தூர் நகரத்தில் முனாவர் ஃபாரூக்கி என்னும் ஹாஸ்யப் பேச்சாளரைப் பிடித்து அடைத்தார்கள். பிப்ரவரி 5-ந் தேதி சுப்ரீம் கோர்ட் ஜாமீன் கொடுக்கிற வரையில், கீழே கேட்ட இடத்திலெல்லாம் ஜாமீன் கிடைக்கவில்லை.

இதில் ஒரு வேடிக்கையைக் கவனியுங்கள். சர்வ வல்லமை உள்ள கடவுளுக்கு மனம் புண்பட்டால் போலீஸ் உண்டு, சட்டம் உண்டு, ஜெயில் உண்டு. கறுப்பாய்ப் பிறந்த பெண்ணுக்கும், திக்குவாயாய்ப் பிறந்த பையனுக்கும் மனம் புண்பட்டால் கைதட்டல்தான் உண்டு! அதற்காக, அவர்களுக்கும் ஒரு சட்டம் போடு, ஹாஸ்யக்காரனைப் பிடித்து உள்ளே தள்ளு என்று நாம் கேட்கிறோமா? ஒருக்காலும் கேட்கமாட்டோம். சட்டம் வந்தால் அது முதலில் நம் கழுத்துக்குத்தான் வரும். நாம் கேட்பதெல்லாம், உங்கள் பையிலுள்ள காசையும் உங்கள் வாயிலுள்ள சிரிப்பையும் யோசித்துச் செலவழியுங்கள் என்பதுதான். சிரிப்பு வராத ஹாஸ்யம் ஒரு வாரம்கூட ஓடாது. எந்தப் போலீசும் செய்ய முடியாத காரியத்தைச் சும்மா வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருக்கிற ஜனங்கள் செய்துவிடலாம்.

நம்மவர்க்கும் ஒரு வார்த்தை

இந்தத் தராசு பிறத்தியாரை நிறுக்க மாத்திரம் அல்ல. 1954-ல் வந்த 'ரத்தக்கண்ணீர்' படத்தில் ராதா அவர்கள் போலி கௌரவத்தையும், பக்தி வேஷத்தையும், பணக்காரத் திமிரையும் பிய்த்தெடுத்ததைப் போல் இதுவரையில் வேறொருவர் செய்யவில்லை. அந்தக் குரலைக் கேட்பதற்காகவே பார்க்க வேண்டிய படம் அது. ஆனால் கெட்ட நடத்தைக்குத் தண்டனையாகக் குஷ்டரோகம் வந்ததுபோலக் கதை அமைந்திருப்பதை நாம் ஒத்துக்கொள்ள முடியுமா? குஷ்டம் ஒரு கிருமியால் வருவது என்று 1873-லேயே ஹான்சன் என்னும் டாக்டர் கண்டுபிடித்துவிட்டார். 1981 முதல் கூட்டு மருந்தால் பூரணமாகக் குணமாக்கவும் வழி வந்துவிட்டது. வியாதியைப் பாவத்தின் சம்பளம் என்பது புரோகிதன் பேச்சேயன்றி நம் பேச்சு அல்ல. நமக்கு வேண்டியவர் சொன்னார் என்பதற்காக அதை விட்டுவிட்டால் நம் தராசில் கல் வைத்திருக்கிறோம் என்றுதான் அர்த்தம்.

அதுபோலவே, மேடையில் கறுப்புச் சட்டையும் வீட்டில் ராகுகாலமுமாக இருக்கிற நம்மவர்களைப் பார்த்து ஒரு ஹாஸ்யக்காரன் சிரித்தால், நாம் கோபிக்காமல் முதல் வரிசையில் உட்கார்ந்து சிரிக்க வேண்டும். தன்னைப் பார்த்துச் சிரிக்கக் கூடாது என்று சொல்லுகிற எந்தக் கொள்கையும் கடைசியில் ஒரு மதமாகத்தான் போய் முடியும்.

சிரிப்பென்றாலே ஏதாவது புத்தி சொல்லியாக வேண்டும் என்பதும் நம் எண்ணமல்ல. 1964-ல் வந்த 'காதலிக்க நேரமில்லை' படத்தில், தான் எடுக்கப்போகும் படத்தின் கதையை நாகேஷ் சொல்ல, பாலையா உட்கார்ந்தபடியே பயந்து நடுங்குகிறாரே, அதில் என்ன புத்திமதி இருக்கிறது? ஒன்றுமில்லை. யாருடைய பிறப்பையும் உடம்பையும் தொடாமல், வெறும் திறமையினாலே சிரிக்க வைத்திருக்கிறார்கள். உழைத்து அலுத்து வந்தவனுக்கு அதுவே போதும். அதேபோல, 2006-ல் சிம்புதேவன் எடுத்த 'இம்சை அரசன் 23-ம் புலிகேசி'யில், ஜாதிச் சண்டை போடுவதற்கென்று ஒரு ராஜா மைதானம் கட்டித் திறந்து வைப்பதைப் பாருங்கள். வடிவேலு நடித்த அந்த ஒரு காட்சிக்காக, நமது ஜாதிச் சங்கக்காரர்கள் எல்லோருக்கும் இலவச டிக்கெட் வாங்கிக் கொடுக்கலாம்.

ஆகவே தோழர்களே! அடுத்த தடவை ஒரு ஹாஸ்யப் படத்துக்கோ, ஹாஸ்யப் பேச்சுக்கோ போகும்போது மூன்று கேள்விகளைக் கையோடு கொண்டுபோங்கள். இந்தச் சிரிப்பு மனிதன் செய்த காரியத்தின்மேல் விழுகிறதா, அவன் பிறந்த பிறப்பின்மேல் விழுகிறதா? வசவைக் கழித்தால் ஏதாவது மிஞ்சுகிறதா? போகவேண்டிய இடம் வரையில் போகிறதா, பாதி வழியில் கும்பிடு போட்டு நின்றுவிடுகிறதா? இவற்றைக் கேட்டுப் பார்த்த பிறகும் சிரிப்பு வந்தால், கொட்டகை அதிரச் சிரியுங்கள். வராவிட்டால் சும்மா இருங்கள். பக்கத்தில் இருக்கிற உங்கள் பெண் குழந்தை, அப்பா எதற்குச் சிரித்தார், எதற்குச் சிரிக்கவில்லை என்று கவனித்துக்கொண்டுதான் இருக்கும்.